நான்கு கோட்டில் ஒரு மரம்

பென்சிலும் கட்டம் போட்ட தாளும் பக்கத்தில் இல்லாமல் இதைப் படித்தால் பாதிப் பயன்தான். ஒரே ஒரு ஜப்பானிய எழுத்தை எழுதவும் வாசிக்கவும் கற்றுக்கொள்ளப் போகிறோம். 'மரம்' என்று பொருள்படும் எழுத்து அது. நான்கே கோடு. ஜப்பானில் முதல் வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் 80 எழுத்துகளில் ஒன்று.

இந்த வகை எழுத்துக்குக் கன்ஜி என்று பெயர். ('கஞ்சி' என்று எழுதினால் ஊறுகாயைத் தேடத் தோன்றும், அதனால் இங்கே கன்ஜி.) ஜப்பானிய மொழியில் ஒலிகளை மட்டும் குறிக்க ஹிரகானா, கதகானா என்று இரண்டு எழுத்துத் தொகுதிகள் உண்டு, ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்துகள் 46. அவை நம் அரிச்சுவடி மாதிரி, பார்த்ததும் ஒலி தெரிந்துவிடும். கன்ஜி அப்படியல்ல. சீனத்திலிருந்து வந்தது, பொருளைச் சுமப்பது, நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறுவது. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பான் அரசு வகுத்திருக்கும் 'ஜோயோ' பட்டியலில், 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2,136 கன்ஜிகள் இருக்கின்றன. அவற்றில் 1,026 கன்ஜிகளைத் தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளில் சொல்லித்தருகிறார்கள்.

எண்ணிக்கையைக் கேட்டு மலைக்க வேண்டாம். முதல் எழுத்தில் பழகும் பழக்கம்தான் நூறாவது எழுத்திலும் கையோடு வரும். தொடக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் கெட்ட பழக்கங்கள் இரண்டு. எழுத்தை ஓவியம் போல நகலெடுப்பது ஒன்று. 'இது மரம்' என்று பொருளை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு, எந்தச் சொல்லில் எப்படி ஒலிக்கும் என்பதைக் கவனிக்காமல் போவது இன்னொன்று. இந்த ஒரே எழுத்தை வைத்து இரண்டையும் தவிர்க்கப் பழகிவிடலாம்.

ஹிரகானா இன்னும் தெரியாதென்றால் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள். காரணம் பின்னால் வருகிறது.

கோடு போடும் முறை

எழுத்தின் படத்தைப் பார்க்காமல், கீழே சொல்லியிருப்பதை வைத்து முதலில் வரையுங்கள். பிறகு அகராதிச் செயலியில் தேடி ஒப்பிட்டுக்கொள்ளலாம். எந்தக் கோடு முதலில், கை எங்கே நிற்க வேண்டும், எங்கே எழ வேண்டும் என்பதெல்லாம் முடிந்துபோன படத்தில் தெரியாது. அதனால்தான் இந்தத் தலைகீழ் வரிசை.

பால்பாயின்ட் பேனா வேண்டாம். அழுத்தினாலும் விட்டாலும் அதன் கோடு ஒரே பருமனில் வரும். கன்ஜிக்கு அது போதாது. 2பி பென்சில் நல்லது. கிராஃப் தாளில் அகலமும் உயரமும் 2 செ.மீ. இருக்கும்படி ஒரு சதுரம் போட்டு, நடுவே மேலிருந்து கீழும் இடமிருந்து வலமும் மெல்லிய புள்ளிக்கோடு இழுங்கள். ஜப்பானியப் பிள்ளைகளின் கன்ஜிப் பயிற்சி நோட்டுகளிலும் இப்படித்தான் கட்டத்துக்குள் சிலுவை போல வழிகாட்டிக் கோடு இருக்கும்.

முதலில் கிடைக்கோடு. சதுரத்தின் மேல் விளிம்பிலிருந்து 7 மி.மீ. இறங்கி, இடப்பக்கம் 4 மி.மீ. விட்டுத் தொடங்கி, வலமாக 12 மி.மீ. இழுங்கள். வலப்பக்கம் மயிரிழை அளவு மேலேறினால் தவறில்லை. வேகமாக எழுதும் கை இயல்பாகவே அப்படித்தான் போகும். முடியும் இடத்தில் பென்சிலை ஒரு கணம் நிறுத்தி, பிறகு எடுங்கள். இந்த நிறுத்தலுக்கு 'தொமே' என்று பெயர்.

அடுத்து நெடுங்கோடு. மேல் விளிம்பிலிருந்து 2 மி.மீ. விட்டுத் தொடங்கி, கிடைக்கோட்டைச் சரியாக நடுவில் வெட்டிக்கொண்டு, கீழ் விளிம்புக்கு 2 மி.மீ. முன்பு வரை. மொத்தம் 16 மி.மீ. வெட்டும் இடத்துக்கு மேலே 5 மி.மீ., கீழே 11 மி.மீ. இருக்கும். இதற்கும் முடிவில் தொமே.

மூன்றாவது, இடச் சாய்கோடு. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் அதே புள்ளியிலிருந்து புறப்பட்டு, இடப்பக்கம் கீழ்நோக்கி, இலேசான வளைவோடு இறங்க வேண்டும். இட விளிம்புக்கு 2 மி.மீ. தள்ளி, கீழ் விளிம்புக்கு 5 மி.மீ. மேலே முடியும். முடிவு நிறுத்தல் அல்ல. கை ஓடிக்கொண்டே இருக்கையில் பென்சில் தாளைவிட்டு எழ வேண்டும். கோலத்தில் இழையை இழுத்து விடும்போது முனையில் மாவு மெலிந்து மறைகிறதே, அந்த மெலிவு. பெயர் 'ஹராய்'. வீச்சு என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக வலச் சாய்கோடு. அதே வெட்டுப்புள்ளியிலிருந்து வலக்கீழாக, இடச் சாய்கோடு முடிந்த அதே உயரத்துக்கு. இதுவும் ஹராய்தான், ஆனால் செய்முறை நேர் எதிர். மெல்லத் தொடங்கி, இறங்க இறங்க அழுத்தத்தைக் கூட்டி, முடிவுக்குச் சற்று முன் ஒரு நொடி நின்று, பிறகு வலமாக, ஏறக்குறைய படுக்கைவாக்கில் இழுத்து எடுக்க வேண்டும். நான்கு கோட்டில் இதுதான் கடினம். முதல் வாரத்தில் யாருக்கும் ஒழுங்காக வராது.

இரண்டு சாய்கோடுகளின் முனைகளும் கிடைக்கோட்டின் முனைகளைத் தாண்டி வெளியே நிற்கின்றனவா என்று பாருங்கள். நிற்க வேண்டும். கிடைக்கோடு அவற்றைவிட அகலமாகிவிட்டால் எழுத்து தலை கனத்துக் கவிழ்வது போலத் தெரியும்.

இந்த வரிசையில் கன்ஜியின் பொதுவிதிகள் சில அடங்கியிருக்கின்றன. குறுக்கும் நெடுக்குமாக வெட்டும் கோடுகளில் குறுக்குக்கோடு முதலில்; இடம் முதலில், வலம் பிறகு. மேலிருந்து கீழே என்பதும் பொதுவிதியே. விதிவிலக்கும் உண்டு. 'வயல்' என்ற கன்ஜியில் பெட்டிக்குள் இருக்கும் நெடுங்கோட்டைத்தான் முதலில் போட வேண்டும். விதிவிலக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ் எழுதிப் பழகிய கைக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல். 'இ', 'ஞ' போடும்போது பென்சில் தாளைவிட்டு எழாமலே சுழன்று வரும். அதே வேகத்தில் பலர் இரண்டு சாய்கோடுகளையும் ஓட்டுக் கூரை போல ஒரே இழுப்பில், இடக்கீழிலிருந்து மேலேறி வலக்கீழே இறங்கிப் போட்டுவிடுகிறார்கள். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் கோடுகளின் எண்ணிக்கை மூன்றாகிவிடும். அகராதியில் கன்ஜியைக் கோட்டு எண்ணிக்கையை வைத்துத் தேடும் முறை உண்டு. மூன்றில் தேடினால் இந்த எழுத்து கிடைக்காது. மேலேறும் இழுப்பில் இடமுனை மெலியாமல் தடித்து நிற்கும் என்பதால், எப்படி எழுதினீர்கள் என்பது பார்த்தவுடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது அகராதியில் ஒப்பிடுங்கள். திரையில் கிடைக்கோட்டின் வலமுனையில் சிறு முக்கோணம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது 'மின்சோ' என்ற அச்சு எழுத்துருவின் அலங்காரம். கையால் எழுதும்போது அதைப் போடக்கூடாது. எல்லாக் கோடும் ஒரே பருமனில், ஹராய் எதுவும் தெரியாமல் இருந்தால் அது 'கோதிக்' வகை. கையெழுத்துக்கு மாதிரியாகக் கொள்ள வேண்டியது 'க்யோகஷோதாய்' எனப்படும் பாடநூல் எழுத்துருவை மட்டுமே.

நெடுங்கோட்டின் அடியில் இடப்பக்கமாகச் சிறு கொக்கி போட்ட கையெழுத்தையும் பார்க்க நேரும். அந்தக் கொக்கிக்கு 'ஹனே' என்று பெயர். கொக்கி தவறு என்று மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர்கள் ஜப்பானிலேயே இருந்தார்கள். ஆனால் ஜோயோ பட்டியலின் விளக்கப் பகுதியே இந்த எழுத்தைக் கொக்கியோடும் கொக்கியில்லாமலும் எழுதிக் காட்டி, இரண்டும் ஒன்றே என்கிறது. ஜப்பானின் கலாச்சார விவகார முகமை 2016 பிப்ரவரியில் வெளியிட்ட விரிவான வழிகாட்டுதலும் அதையே உறுதிப்படுத்தியது. ஆகவே கொக்கி தவறில்லை. தொடக்கத்தில் நிறுத்தியே எழுதுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் வேறு. அது அடுத்த பகுதியில்.

சாய்கோடுகள் கிளை அல்ல, வேர்

எழுத்தைப் பார்த்தவுடன் தொங்கும் கிளைகளோடு நிற்கும் அசோக மரம்தான் பலருக்குத் தோன்றும். அந்தச் சாய்கோடுகள் கிளைகள் அல்ல. 3,000 ஆண்டுகளுக்கும் முன்பு, சீனத்தின் ஷாங் அரசர் காலத்தில் எலும்பிலும் ஆமையோட்டிலும் கீறிய வடிவத்தில் நடுவே ஒரு தண்டு, மேலே வளைந்தேறும் இரண்டு கிளைகள், கீழே விரியும் இரண்டு வேர்கள் இருக்கின்றன. காலப்போக்கில் மேலே வளைந்த கிளைகள் நிமிர்ந்து தட்டையாகி ஒரே கிடைக்கோடாகிவிட்டன. வேர்கள் மட்டும் சாய்வாகவே தங்கின.

இது வெறும் சுவையான தகவல் அல்ல. வேரென்று தெரிந்தால்தான் அடுத்த எழுத்துகள் பிடிபடும். மரத்தின் அடித்தண்டில், சாய்கோடுகளுக்குக் கீழே, சின்னதாக ஒரு குறுக்குக்கோடு போட்டால் 'ஹொன்' என்ற கன்ஜி. மரத்தின் அடி இதுதான் என்று விரல் வைத்துக் காட்டுவது போன்ற கோடு அது. பொருள்: அடி, மூலம். அதிலிருந்து 'புத்தகம்' என்ற பொருளும் வந்தது. சூரியன் என்ற கன்ஜிக்குப் பின்னால் இதை வைத்தால் 'நிஹொன்', அதாவது ஜப்பான்: சூரியனின் மூலம். அதே கோட்டை உச்சியில், கிளைக்கு மேலே, கிளையைவிட நீளமாகப் போட்டால் 'மத்சு': நுனி, முடிவு. அடிமுதல் நுனிவரை என்கிறோமே, அந்த இரண்டு முனையும் ஒரே மரத்தில் ஒவ்வொரு கோட்டால் கிடைத்துவிடுகின்றன.

உச்சிக்கோட்டை நீளமாக என்று சொன்னதைக் கவனியுங்கள். அதே கோட்டைக் கிளையைவிடக் குட்டையாகப் போட்டால் அது 'மி', 'இன்னும் இல்லை' என்று பொருள் தரும் வேறு கன்ஜி. இரண்டுக்கும் வேறு எந்த வேறுபாடும் கிடையாது. சில மில்லிமீட்டரில் 'முடிந்துவிட்டது' என்பதும் 'இன்னும் ஆகவில்லை' என்பதும் இடம் மாறிவிடும்.

மரத்தையே தவறாக எழுதினால் அது வேறு எதுவாக மாறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சாய்கோடுகளைப் போடாமல் முதல் இரண்டோடு நின்றால் 'பத்து'. நெடுங்கோட்டின் தலை கிடைக்கோட்டுக்கு மேலே எட்டிப் பார்க்காவிட்டால் 'இல்லை' என்ற பொருள் தரும் 'ஃபு' போலத் தெரியும். வலச் சாய்கோட்டை மறந்து அடியில் கொக்கியும் போட்டால் 'திறமை' என்ற 'சாய்'. இவற்றிலெல்லாம் அடிக்கடி நடப்பது இன்னொன்று. சாய்கோடுகளை வெட்டுப்புள்ளியிலிருந்து தொடங்காமல், தண்டைத் தொடாமல் தள்ளி வைப்பார்கள். அதோடு அடியில் கொக்கியும் சேர்ந்தால் அது கன்ஜியே இல்லை, கதகானாவின் 'ஹொ'. கதகானாவை அப்போதுதான் முடித்துவிட்டு வந்தவர்களின் கை தானாக அங்கே போகும். கொக்கி இல்லாமல் பழகுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

நான்கு வாசிப்பு

ஜோயோ பட்டியல் இந்த எழுத்துக்கு நான்கு வாசிப்புகள் தருகிறது: கி, கொ, மொகு, பொகு. (கடைசியில் உள்ள 'பொ'வைப் 'பஸ்'ஸில் வரும் ப போலச் சொல்லுங்கள்.) நான்கையும் வரிசையாக ஒப்பிக்கும் மாணவர்கள் உண்டு. பயனில்லை. ஏன் நான்கு என்று புரிந்தால் ஒப்பிக்க வேண்டியதே இல்லை.

தமிழில் மரம் என்றும் சொல்கிறோம், விருட்சம் என்றும் சொல்கிறோம். வாசலில் நிற்பது மரம்தான். யாரும் 'வீட்டு வாசலில் ஒரு விருட்சம்' என்று பேசுவதில்லை. கோயிலுக்குள் போனால் அது தலவிருட்சம். தனியே நிற்கும்போது சொந்தச் சொல், கூட்டுச்சொல்லில் வந்து சேர்ந்த சொல். இரண்டுக்கும் ஒரே குறியை எழுதி, இடத்தைப் பார்த்து மரம் என்றோ விருட்சம் என்றோ வாசிக்கும் வழக்கம் நம்மிடம் இருந்திருந்தால், அதுதான் கன்ஜி.

ஜப்பானியரின் சொந்தச் சொல் 'கி'. இவ்வகை வாசிப்புக்குக் 'குன்' என்று பெயர். சீனத்திலிருந்து வந்த சொல் 'மொகு'. இவ்வகைக்கு 'ஓன்'. தனித்து நின்றால் பெரும்பாலும் குன், இன்னொரு கன்ஜியோடு ஒட்டி நின்றால் பெரும்பாலும் ஓன் என்பது கட்டைவிரல் கணக்கு. மரம் ஒன்று தனியே நின்றால் 'கி'. மரத்தாலான கட்டடம் 'மொகுஸோ', வியாழன் கோள் 'மொகுசே'.

'கொ' எங்கிருந்து வந்தது? மரம் என்ற சொல் கிளையோடு சேரும்போது 'மரம்கிளை' ஆகாமல் 'மரக்கிளை' ஆகிறதல்லவா? அதுபோல 'கி' என்ற சொல்லுக்குப் பழைய கூட்டுச்சொற்களில் மட்டும் வரும் திரிந்த வடிவம்தான் 'கொ'. 'கொனொஹ' என்றால் மரத்தின் இலை. புதிதாக யாரும் கொ சேர்த்துச் சொல் உண்டாக்குவதில்லை. வரும் இடங்களை அந்தந்தச் சொல்லாகவே படித்துக்கொள்வதுதான் வழி.

மொகு, பொகு இரண்டும் சீனத்தின் ஒரே சொல். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வட்டாரத்து உச்சரிப்போடு கடல் கடந்தவை. முன்னால் வந்தது மொகு. பிறகு தாங் அரசர் காலத்துத் தலைநகர் உச்சரிப்பில் தொடக்க ம-ஒலி ப-ஒலியை நோக்கி நகர்ந்திருந்தது, அது பொகு. 'லக்ஷ' என்ற ஒரே வடசொல் நமக்கு இலக்கம் என்றும் லட்சம் என்றும் இரண்டாக வந்து சேர்ந்தது போல. பொகு வரும் சொற்கள் குறைவு. பெரிய மரம் 'தைபொகு', கட்டடப் பொறியியல் துறை சார்ந்த 'தொபொகு' ஆகிய இரண்டும் தொடக்கத்துக்குப் போதும்.

கட்டைவிரல் கணக்கு பொய்க்கும் இடம் பெயர்கள். ஜப்பானியக் குடும்பப் பெயர்களில் மரம் ஏராளம், பெரும்பாலும் குன் வாசிப்பில்தான் வரும்: சுசுகி, சசாகி, கிமுரா, தகாகி. வீட்டுத் தோட்டத்து மரம் 'உஎகி', சாலையோர மரவரிசை 'நமிகி' ஆகியவற்றிலும் இரண்டு கன்ஜி சேர்ந்திருந்தும் 'கி'தான். முற்றிலும் கட்டுக்கடங்காததும் ஒன்று உண்டு. மரம் என்ற எழுத்தையும் பஞ்சு என்ற எழுத்தையும் சேர்த்து எழுதினால் 'மொமென்', பருத்தி. இதில் 'மென்' பஞ்சு எழுத்தின் ஓன் வாசிப்பு. மரத்துக்கு மிஞ்சும் 'மொ'வோ மேலே சொன்ன நான்கில் எதுவும் இல்லை.

இப்போது தகாகியையும் சுசுகியையும் இன்னொரு முறை பாருங்கள். தமிழில் இரண்டும் ஒரே 'கி'. ஜப்பானியத்தில் சுசுகியின் கி, 'கிளி'யில் வருவது. தகாகியின் கி, 'தங்கி'யில் வருவது. சொற்கள் ஒட்டும்போது வல்லொலி இப்படி மெலிவது ஜப்பானியத்தில் உண்டு. ஆனால் எல்லா இடத்திலும் நடக்காது. தமிழில் நடுவில் வரும் ஒற்றைக் ககரம் தானாகவே மெலிந்துவிடுவதால், தமிழ்வழி வாசிப்பவர்கள் எல்லாவற்றையும் மெலித்துவிடுவார்கள். மரநிழல் என்ற சொல்லைத் தமிழில் 'கொககெ' என்று எழுதிப் பாருங்கள். முதல் இரண்டு ககரமும் 'கடல்' ககரம், மூன்றாவது மட்டும் 'தங்கம்' ககரம். தமிழ் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லை. 'க்க' என்று இரட்டித்தால் அது ஜப்பானியத்தில் வேறு ஒலி, சொல்லே மாறிவிடும்: 'சக' என்றால் மேடு, 'சக்க' என்றால் எழுத்தாளர். வாசிப்புகளைத் தமிழில் குறித்துவைத்துக்கொள்ளாமல் ஹிரகானாவில் எழுதிவையுங்கள் என்று சொல்வது இதனால்தான். ஜப்பானியச் சிறுவர் புத்தகங்களிலும் கன்ஜியின் பக்கத்தில் குட்டி ஹிரகானாவில் வாசிப்பைப் போட்டிருப்பார்கள். அதற்கு 'ஃபுரிகனா' என்று பெயர்.

பதிலுக்குத் தமிழருக்கு ஒரு சலுகையும் கிடைக்கிறது. குறில் நெடில் வேறுபாடு ஜப்பானியத்தில் பொருளையே மாற்றும், நமக்கோ அது பிறவிப் பழக்கம். 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி. பலருக்கு மாதக்கணக்கில் பிடிபடாத இந்த வேறுபாடு தமிழ்க் காதுக்கு முதல் நாளே கேட்டுவிடும்.

வியாழக்கிழமைக்கு ஜப்பானியத்தில் 'மொகுயோபி'. முதல் எழுத்து நம் மரம்தான். வியாழன் கோளுக்குப் பெயர் மரக்கோள் என்பதால் அந்தக் கோளின் நாளுக்கும் அதே எழுத்து. ஏழு நாளும் அப்படித்தான்: ஞாயிறு சூரியன், திங்கள் நிலா, செவ்வாய்க்கு நெருப்பு, புதனுக்கு நீர், வியாழனுக்கு மரம், வெள்ளிக்கு உலோகம், சனிக்கு மண். கோள்களின் வரிசை தமிழ்க் கிழமைகளோடு ஒன்றுவிடாமல் பொருந்துவது தற்செயல் இல்லை. இந்தியக் கோள்கணக்கைச் சீனத்தில் தொகுத்த பௌத்த நூல் ஒன்றைத் துறவி கூகாய் 806-இல் ஜப்பானுக்கு எடுத்துவந்தார். கிழமைப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டிய வேலை தமிழருக்குப் பாதி குறைவு.

நாட்காட்டியில் மரம் மட்டும் தனியே நின்றால் அங்கே வாசிப்பு 'கி' அல்ல, 'மொகு'. வியாழன் என்பதன் சுருக்கம். கடை வாசலில் அதையும் 'ஓய்வு' என்ற கன்ஜியையும் சேர்த்துப் பார்த்தால், வியாழக்கிழமை விடுமுறை என்று பொருள்.

மரம் உறுப்பாகும்போது

அந்த 'ஓய்வு' எழுத்திலும் மரம் இருக்கிறது. இடப்பக்கம் ஒடுங்கிய மனிதன் இரண்டு கோட்டில், வலப்பக்கம் மரம் நான்கு கோட்டில். மரத்தடியில் சாய்ந்த மனிதன். 'யசுமு' என்றால் ஓய்வெடு. மரம் இரண்டு சேர்ந்தால் தோப்பு, 'ஹயாஷி'. மூன்று சேர்ந்தால் காடு, 'மொரி'. கிராமம் என்பதிலும் பள்ளி என்பதிலும் இடப்பக்கம் மரம் நிற்கிறது. ஹொன்னையும் சேர்த்தால் முதல் வகுப்பின் 80 எழுத்துகளில் மரத்தை உள்ளே வைத்திருக்கும் ஆறு எழுத்துகள் இப்போதே பாதி தெரிந்துவிட்டன.

மரம் இன்னொரு எழுத்தின் இடப்பாதியாக ஒடுங்கும்போது வடிவம் மாறும். வலப்பக்கம் இடமில்லாததால் நான்காவது கோடு வீசிப் போகாமல் சிறு புள்ளிபோல நின்றுவிடும். கிடைக்கோட்டின் வலப்பாதியும் குறுகும். அந்த வடிவத்துக்குக் 'கிஹென்' என்று பெயர். 'தோப்பு' எழுதும்போது இரண்டு மரத்தையும் அச்சு எடுத்தாற்போல ஒரே அகலத்தில் போடுவதுதான் வழக்கமான பிழை. நடுவில் ஒருவர் வீச்சும் மற்றவர் வீச்சும் முட்டிக்கொள்ளும். இட மரம் ஒல்லி, அதன் நான்காவது கோடு நிறுத்தல். வல மரம் சற்று அகலம், அதன் நான்காவது கோடு முழு வீச்சு.

பயிற்சி

இம்போசிஷன் போல ஒரே மூச்சில் நூறு முறை எழுதாதீர்கள். பத்தாவது முறைக்குப் பிறகு கை மட்டும் ஓடும், தலை வேறெங்கோ இருக்கும். பிழை இருந்தால் அதுவும் நூறு முறை பதியும். ஐந்து முறை கட்டத்துக்குள் எழுதுங்கள். தாளை மூடிவிட்டு, விரலால் காற்றில் ஒருமுறை. பிறகு புதுத் தாளில், பார்க்காமல் இரண்டு முறை. அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். எழுதியதை மாதிரியோடு ஒப்பிடும்போது அழகைத் தேடாமல் நான்கே கேள்வி கேளுங்கள்: கிடைக்கோடு நடுவுக்கு மேலே இருக்கிறதா, சாய்கோடுகள் வெட்டுப்புள்ளியிலிருந்து தொடங்குகின்றனவா, இரண்டும் ஒரே உயரத்தில் முடிகின்றனவா, நெடுங்கோடு அவற்றைவிடக் கீழே இறங்கியிருக்கிறதா.

ஜப்பானிய மொழித் திறனை அளக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வில் கையால் எழுதச் சொல்வதில்லை, விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். கைபேசியில் 'கி' என்று ஒலியைத் தட்டினாலும் மரம், மனநிலை, மஞ்சள் என்று அந்த ஒலியுடைய கன்ஜிகள் வரிசையாக வந்து நிற்கும், ஒன்றைத் தொட்டால் போதும். பிறகு எதற்குக் கையால் எழுத வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த வரிசையிலும் விடைத்தாளிலும் சரியானதைப் பொறுக்க வேண்டியது உங்கள் கண். மேற்கோடு நீளமா குட்டையா என்று தன் கையால் போட்டுப் பார்த்த கண்தான் மத்சுவையும் மியையும் சட்டென்று பிரிக்கும். எல்லா 2,136-ஐயும் கையால் பழக வேண்டும் என்பதில்லை. முதல் 80-ஐயாவது பழகிவிடுவது நல்லது. மற்றவற்றில் பெரும்பாலும் இவற்றின் உறுப்புகளே திரும்பத் திரும்ப வருகின்றன.

எழுத்தைத் தனியாக எழுதியது போதும் என்றானதும் ஒரு சொற்றொடருக்குள் வைத்து எழுதுங்கள்: 'கி நொ ஷித தெ யசுமு'. கி மரம், நொ 'இன்', ஷித 'கீழ்', தெ 'இல்' (தெ-யைத் 'தந்தை'யில் இரண்டாவதாக வரும் தகரம் போல மெலிக்க வேண்டும்), யசுமு 'ஓய்வெடு'. மரத்தின் கீழ் ஓய்வெடுக்கிறேன். தமிழ் எந்த வரிசையில் அடுக்குகிறதோ அதே வரிசை. இதில் கி, ஷித, யசுமு என்ற மூன்று சொல்லுக்குக் கன்ஜி. நொ, தெ இரண்டும், யசுமு என்பதன் கடைசி 'மு'வும் ஹிரகானா. ஒரே வரியில் மரம் இரண்டு முறை வருகிறது. முதலில் முழுக் கட்டத்தை நிறைத்துக்கொண்டு. கடைசியில் மனிதனுக்கு இடம் விட்டு, வலப்பக்கம் ஒதுங்கி ஒல்லியாக. இரண்டாவது மரத்தில் இடச் சாய்கோட்டை எவ்வளவு குறைக்க வேண்டியிருக்கிறது என்று எழுதும்போதே கை சொல்லிவிடும்.